வாடைக்கு ஒரு செத்தை

மார்கழி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்து வீடுகளில் கம்பளிக் குல்லாய்கள் பெட்டியை விட்டு வெளியே வரும். யன்னல் இடுக்குகளில் பழஞ்சீலை ஏறும். மாட்டின் குளிரை நினைப்பார் சிலரே. நாமும் நினைத்தோமல்லோம். கொட்டிலின் கூரை ஒழுகியமையால், பசுவையும் பத்து நாட்கூட நிரம்பாத கன்றையும் வெறுமையாய்க் கிடந்த கார்க் கொட்டகையிலே கட்டினோம். ஓடு நல்ல ஓடுதான். ஆயின் வாசல் வடகிழக்கைப் பார்த்தது. சோளகத்துக்கு அஞ்சிக் கட்டிய கொட்டகை, வாடைக்கு வாய் திறந்து நின்றது. முதல் இரவே கன்று நடுங்கியது.

நம்மூரிலே குளிரால் மாடு சாகுமோ என்று கேட்பாருளர். 2022ஆம் ஆண்டு டிசம்பரில் 'மாண்டஸ்' புயல் வங்கக் கடலில் நின்றபோது, மழையோடு வீசிய குளிர்காற்றினால் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இரண்டொரு நாளில் மாண்டன. நனைந்த தோலின்மேல் ஓயாது காற்று வீசினால், ஆவியாகும் நீர் உடற்சூட்டையும் கொண்டுபோகிறது. மயிருக்கிடையே தங்கிநிற்கும் இளஞ்சூட்டுக் காற்றையும் வாடை வாரிச் செல்கிறது. ஈரத்தலையோடு கிணற்றடியில் நின்ற மாணாக்கருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அவசரத்தில் நாம் செய்தது பெருந்தவறு. தறப்பாள் ஒன்றை நிலத்திலிருந்து முகடுவரை இறுக்கிக் கட்டினோம். விடியலில் நீக்கிப் பார்த்தால் மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. தறப்பாளின் உட்புறத்தில் நீர் துளிர்த்துச் சொட்டியது. கன்றின் முதுகு மறுபடியும் ஈரம். அயல்வீட்டு ஆச்சி படலையைத் திறந்து வந்தார். "தம்பி, காத்தை மறிச்சனியோ, மூச்சை மறிச்சனியோ?" என்றார்.

அவர் சொற்படி பூவரசங் கம்பில் சட்டம் கட்டி, கிடுகை அடர்த்தியாய் வரிந்து, பசுவின் உயரத்துக்குச் சற்று மேலாக ஒரு செத்தை நிறுத்தினோம். அதற்குமேல் இரண்டு முழம் திறப்பாகவே விட்டோம். வெப்பமான ஈரக்காற்று மேலெழுந்து அவ்வழியே போய்விடும். சீமெந்துத் தரையும் சூட்டை உறிஞ்சுவதால் ஒரு சாண் உயரத்துக்கு உலர்ந்த வைக்கோல் பரப்பினோம். கன்றைத் துடைத்துச் சாக்கொன்றைப் போர்த்தினோம். பசுவுக்கு இரவில் வைக்கோல் கூடுதலாக வைத்தோம். அது இரைப்பையிலே நொதிக்கும்போது உள்ளிருந்தே சூடு பிறக்கும். அசைபோடத் தொடங்காத கன்றுக்கு அந்த அடுப்பு இன்னும் மூளவில்லை.

குளிர் காயத் தணற்சட்டி வைக்கலாமே என்பாருக்கு ஒரு சொல். கிடுகும் வைக்கோலும் ஒரு பொறிக்குக் காத்திருப்பவை. தீப்பற்றாவிட்டாலும், அடைபட்ட இடத்தில் கரியிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கொட்டகையில் கார் நிற்கும் வீட்டார், மறைப்பை நீக்காமல் எஞ்சினை இயக்குவதும் அதே ஆபத்துத்தான்.

செத்தையைச் சுருக்கு முடிச்சாகவே கட்டியிருக்கிறோம். காற்று மாறியதும் அவிழ்ப்பது எளிது. இப்போது நமது கவலையெல்லாம், அதற்குள் கன்று கீழ்வரிசைக் கிடுகைச் சப்பித் தீர்த்துவிடுமோ என்பதுதான்.