தங்கவயல்: லைன் வீடுகளின் ஊர்

சித்தூரிலிருந்து மேற்கே போகும் பெங்களூரு நெடுஞ்சாலை, பங்காருபாளையத்தின் மாங்காய் மண்டிகளைத் தாண்டி, மொகிலி கணவாய் ஏறி, பலமநேர் வழியாக முல்பாகலை அடைகிறது. முல்பாகலில் தெற்கே திரும்பினால் பேத்தமங்கலா ஏரி. ஏரிக்கு அப்பால் கோலார் தங்கவயல். ‘பங்காரு’ என்றால் தெலுங்கில் பொன். பழைய சித்தூர் பாளையங்களில் ஒன்றான பங்காருபாளையத்துக்கும், தங்கவயலுக்கு ரயில் பிரியும் பங்காரப்பேட்டைக்கும் பெயரில் பொன் உண்டு. பொன்னை வெட்டி எடுத்த ஊருக்கோ ‘கே.ஜி.எப்.’ என்ற மூன்று ஆங்கில எழுத்துதான் பெயராக நிலைத்தது.

மாரிகுப்பம், உரிகாம் பக்கத்துச் சனங்கள் மண்ணை அலசிப் பொன் எடுப்பதை 1802இல் பிரிட்டிஷ் படையின் லெப்டினன்ட் ஜான் வாரன் பார்த்தார். திப்பு வீழ்ந்தபின் மைசூர் எல்லையை அளக்க வந்த அதிகாரி அவர். வெள்ளையர் கண்டுபிடித்த தங்கம் என்று பாடப்புத்தகம் சொல்லும் தங்கத்தை, அந்த ஊர்க்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே குழிதோண்டி எடுத்து வந்தார்கள். வாரன் எழுதிய குறிப்பு எழுபது ஆண்டு தூசியில் கிடந்தது. நியூஸிலாந்தில் மாவோரி போரில் பங்கேற்றுவிட்டு பெங்களூரில் தங்கியிருந்த ஐரிஷ் சிப்பாய் மைக்கேல் லவெல் அதைப் படித்தார். மைசூர் அரசிடம் 1875இல் சுரங்க உரிமம் வாங்கினார். கையில் காசு இல்லாததால் உரிமம் கைமாறியது. 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் வந்த பிறகுதான் ஆழமான சுரங்கம் தொடங்கியது. சில ஆண்டுகளில் சாம்பியன் ரீஃப் என்ற தங்கப் படிவம் அகப்பட்டது. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கும் மேல் தங்கம் இருந்தது. பணம் போட்டவர்களுக்கு அது யோகம்.

பாறையை உடைக்க ஆள் வேண்டும். சுற்றியிருந்த கன்னட, தெலுங்குக் குடியானவர்கள் பூமிக்கடியில் இறங்க அவ்வளவாக முன்வரவில்லை. கங்காணிகளும் மேஸ்திரிகளும் வடஆற்காடு, தென்ஆற்காடு, சேலம் பக்கம் போய் ஆள் பிடித்தார்கள். சித்தூரும் பலமநேரும் அப்போது வடஆற்காடு மாவட்டம்தான். சித்தூர் தனி மாவட்டமானது 1911இல். நிலமில்லாத பறையர் குடும்பங்கள் பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி வந்தன. முன்பணம் கொடுத்த மேஸ்திரியின் கணக்கு ஒரு பக்கம் கழுத்தைப் பிடித்தது. ஆனாலும் ஊர்த்தெருவில் செருப்பு போட்டு நடக்க முடியாத ஒருவனுக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்று கிடைத்தது. தங்கவயலின் பின்னாளைய வரலாற்றை இந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் படிக்க வேண்டும்.

கம்பெனி தொழிலாளிக்குக் கட்டிக் கொடுத்தது ‘லைன்’. மூங்கில் தட்டியும் தகரமும் வைத்து வரிசை வரிசையாக நின்ற ஓரறை வீடுகள். இங்கிலாந்தின் டர்ஹாம், நார்தம்பர்லாந்து நிலக்கரி ஊர்களிலும் சுரங்க முதலாளிகள் வரிசை வீடுகளைத்தான் கட்டினார்கள். ஆனால் அங்கே செங்கல் சுவர் உண்டு. இங்கே மழை பெய்தால் தட்டி ஒழுகும், எலித்தொல்லை வேறு. மேட்டுப்பகுதியில் துரைமார் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம், தேவாலயம். குளிர்ந்த காற்றும் தோட்டமும் பார்த்தவர்கள் ஊரைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்றார்கள். அந்தப் பெயர் பங்களா பக்கத்துக்கு மட்டும்தான் பொருந்தும். கார்ன்வால் சுரங்கக்காரர்கள் மேற்பார்வைக்கு, ஆங்கிலோ இந்தியர்கள் இயந்திரத்துக்கும் அலுவலகத்துக்கும், பஞ்சாபிகள் காவலுக்கு, தமிழர்கள் அடியில் இறங்குவதற்கு. வேலையும் வீடும் கூலியும் இந்த ஏணியின்படிதான் பிரிந்தன. கடைகண்ணி, சந்தை என்று இயல்பான ஊராக வளர்ந்தது சுரங்க எல்லைக்கு வெளியே அமைந்த ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும்.

வசதியெல்லாம் முதலில் சுரங்கத்துக்குத்தான் வந்தது. பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரை 1894இல் ரயில் பாதை போட்டார்கள். பாலாற்று நீர் பேத்தமங்கலாவில் தேக்கப்பட்டுக் குழாயில் வந்தது. காவிரியின் சிவனசமுத்திரத்தில் கட்டிய நீர்மின் நிலையத்திலிருந்து 1902இல் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்நாளில் உலகின் மிக நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. பெங்களூரில் மின் தெருவிளக்கு எரிந்தது 1905இல். தலைநகரத்துக்கு முன்னால் கே.ஜி.எப்.புக்கு மின்சாரம் வந்ததை ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த மின்சாரம் தட்டி வீட்டுக்காக வந்ததல்ல, பாறை அரைக்கும் ஆலைக்காக வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடியில் இறங்குவது தனி உலகம். சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும். கேஜ் என்ற இரும்புக் கூண்டில் நெருக்கியடித்து நின்று இறங்குவார்கள். ஒரே கூண்டில் அடிவரை போக முடியாது. நடுவில் இறங்கி, நடந்து, வேறு கூண்டு மாற வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3,200 மீட்டரைத் தொட்டது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 65 டிகிரி செல்சியசைத் தாண்டும். மேலிருந்து குளிர்ந்த காற்றை அனுப்பித்தான் வேலை நடந்தது. சூட்டைவிடப் பெரிய பயம் பாறை வெடிப்பு. மேலே இருக்கும் மலையளவு பாறையின் பாரம், வெட்டிய குகையின் சுவரில் இறங்கி, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சுவர் சிதறும். முற்காலத்தில் இதை ‘ஏர் பிளாஸ்ட்’ என்றார்கள். காற்று வெடிக்கிறது என்று முதலில் நினைத்ததால் வந்த பெயர். மேலே லைன் வீடுகளிலும் பாத்திரம் அதிரும். அடியில் யார் இருக்கிறார்கள் என்று பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். 1988இல் பாறை இயக்கவியலுக்கான தேசிய நிறுவனம் இந்த ஊரில் தொடங்கப்பட்டதற்குக் காரணம் இந்த வெடிப்புகள்தான்.

வெடிப்பில் தப்பியவர்களைப் பாறைத்தூசு பிடித்தது. நுரையீரலில் சிலிக்கா படிந்து மூச்சை அடைக்கும் சிலிகோசிஸ் நோய் பற்றி இந்தியாவில் முதலில் விரிவாக ஆராயப்பட்டது இங்கேதான். 1940களில் சுமார் 7,600 தொழிலாளரைச் சோதித்ததில் பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது.

இவ்வளவு ஆழம் வேறொரு வேலைக்கும் பயன்பட்டது. வானிலிருந்து பொழியும் கதிர்களைப் பாறை வடிகட்டிவிடும் என்பதால், பம்பாய் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் ஜப்பானின் ஒசாகாவும் இங்கிலாந்தின் டர்ஹாமும் சேர்ந்த குழு இங்கே கருவிகளை இறக்கியது. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை 1965இல் அது பதிவு செய்தது. அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இன்னொரு குழுவும் அவற்றைப் பிடித்தது. நிலக்கரிக்குப் பேர்போன டர்ஹாமிலிருந்து ஆய்வாளர்கள் தங்கச் சுரங்கத்துக்கு வந்து இறங்கியது ஒரு சுவையான பொருத்தம்.

கம்பெனி திட்டமிடாத ஊர் ஒன்றும் லைன் வீடுகளுக்குள் வளர்ந்தது. அயோத்திதாசப் பண்டிதர் சென்னை ராயப்பேட்டையில் 1907 முதல் நடத்திய ‘தமிழன்’ இதழுக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் தீவிரமான வாசகர்கள் இருந்தார்கள். அவர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் இங்கே ஏற்பட்டன. பகல் முழுதும் பாறை உடைத்தவர்கள் இரவில் சங்கக் கூடத்தில் உட்கார்ந்து புத்தரைப் பற்றியும் வருணம் பற்றியும் வாதம் செய்தார்கள். பண்டிதர் 1914இல் மறைந்தபின் நின்றுபோன ‘தமிழன்’, 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. சாம்பியன் ரீஃபின் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களைத் தொடர்ந்து அச்சிட்டது. அவருடைய எழுத்து பின்னால் ஆய்வாளர்களின் கைக்குக் கிடைத்ததில், கூலிக்காசிலிருந்து சந்தா கொடுத்த இந்தச் சுரங்கத் தொழிலாளரின் பங்கு பெரிது. வரலாற்று நூல்கள் தங்கத்தின் எடைக்குக் கொடுத்த இடத்தில் கால்வாசிகூட இதற்குக் கொடுக்கவில்லை. இங்கிலாந்தின் ஆஷிங்டன் ஊரில் சுரங்கத் தொழிலாளர்கள் ஓவிய வகுப்பு நடத்தியதை நாடகமாக்கி உலகமே பார்த்தது. மாரிகுப்பத்து இரவு வாசிப்புக்கு இன்னும் அப்படி ஒரு மேடை வாய்க்கவில்லை.

படித்தவர்கள் கேள்வி கேட்டார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது தங்கம் திருடியிருப்பான் என்று உடம்பைத் தடவிச் சோதிப்பது வழக்கம். 1930இல் எல்லாத் தொழிலாளரும் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டபோது, அது குற்றப் பரம்பரையாருக்குச் செய்வது என்று சொல்லி வேலையை நிறுத்தினார்கள். பெரிய தலைவரோ முறையான சங்கமோ இல்லாமலே மூன்று வாரம் தாக்குப்பிடித்தார்கள். கைரேகைத் திட்டம் கைவிடப்பட்டது. 1940களில் கே. எஸ். வாசன், வி. எம். கோவிந்தன் போன்ற கம்யூனிஸ்டுகள் சங்கம் கட்டினார்கள். 1946இல் நீண்ட வேலைநிறுத்தமும் நடந்தது, துப்பாக்கிச்சூடும் நடந்தது. விடுதலைக்குப் பிறகு இந்தத் தொகுதி ரிபப்ளிகன் கட்சிக்காரரையும், மார்க்சிஸ்ட்டையும், அதிமுககாரரையும் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறது. கர்நாடகத்துக்குள் தமிழ்ச் சுவரொட்டியும் தமிழ் மேடைப் பேச்சுமாகத் தேர்தல் நடக்கும் ஊர் என்று பெயர் வாங்கியது.

1905தான் தங்கத்தின் உச்சம். பிறகு சுரங்கம் ஆழமாக ஆகத் தங்கம் குறைந்தது, செலவு ஏறியது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய நிதி அமைச்சகத்தின் கைக்குப் போனது. எடுத்த தங்கத்தைச் சந்தை விலைக்கு விற்க வழியில்லாமல் பல ஆண்டுகள் அரசின் அதிகாரபூர்வ விலைக்கே ஒப்படைக்க வேண்டியிருந்தது. பிறகு நட்டம் என்று அதே அரசு கணக்குக் காட்டியது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. சித்தூர் மாவட்டத்தில் குப்பம் அருகே உள்ள சிகுருகுண்டா சுரங்கத்தையும் அந்த நிறுவனம்தான் நடத்தியது. ஒரு டன்னுக்கு மூன்று கிராம் அளவுக்குத் தங்கம் இறங்கிவிட்ட நிலையில், 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு எல்லாம் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெளியே போயிருந்தது. பம்புகளை நிறுத்தியதும் சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்கள் 1984-85 வேலைநிறுத்தம் தோற்றபின் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015இல் அடைக்கப்பட்டது. அங்கே இளைஞர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். தங்கவயலில் நடந்தது சற்று வேறு. ஊரைவிட்டுப் போகாமல் தினமும் போய்வர ஆரம்பித்தார்கள். விடியும் முன்னே மாரிகுப்பத்தில் கிளம்பும் ரயில் சாம்பியன் ரீஃப், உரிகாம், கோரமண்டல் என்று ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போகிறது. தாத்தா கேஜில் நெருக்கி நின்றதுபோல் பேரன் பெட்டியில் நெருக்கி நிற்கிறான். செக்யூரிட்டி, துணிக்கடை, கம்ப்யூட்டர் கம்பெனி என்று வேலை எதுவானாலும் ராத்திரி லைன் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். பெங்களூர் வாடகை ஒரு காரணம். பாட்டன் காலத்திலிருந்து குடியிருக்கும் அந்த ஓரறை வீட்டை விட்டால் திரும்பக் கிடைக்காது என்பது இன்னொரு காரணம். பெமல் என்று அழைக்கப்படும் மண்வாரி இயந்திரத் தொழிற்சாலை இங்கே இருந்தாலும், சுரங்கம் விட்ட எல்லாரையும் அதனால் தாங்க முடியவில்லை.

ஊரைச் சுற்றி நிற்கும் 13 சயனைடு மேடுகள், சயனைடு கரைசலில் தங்கம் பிரித்தபின் கொட்டிய அரைபாறை மண். வெயிற்காலக் காற்றில் வெள்ளைத் தூசு வீடுகளுக்குள் வரும். சினிமாக்காரர்களுக்கு அது நல்ல பின்னணி. 2018இல் வந்த ‘கே.ஜி.எப்.’ படம் இங்கே எடுக்கப்பட்டது. அதில் தமிழ்த் தொழிலாளிக்குப் பெரிதாக இடமில்லை. 2024இல் பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ வடஆற்காட்டிலிருந்து வந்தவர்களை நடுவில் நிறுத்தியது. அதே ஆண்டு ஜூனில், இந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கீழே இறங்க வேண்டியதில்லை, மேட்டை வாரி மறுபடி அரைத்தால் போதும். அந்த வேலைக்கு எத்தனை பேர் தேவைப்படுவார்கள் என்பதுதான் காலை ரயிலில் கேட்கும் பேச்சு.