கொங்கண் கடல் வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தானா?

மழைக்காலம் முடிந்துவிட்டால் மும்பை 'கேட்வே ஆப் இந்தியா' எதிரே வெள்ளைப் பாய் விரித்த படகுகள் தெரியும். அவற்றில் சில, கோவா வரை போகின்றன. மாலையானால் ஏதாவது ஒரு கழிமுகத்தில் நங்கூரம் பாய்ச்சி, கரையில் இறங்கி ஊர் பார்க்கிறார்கள்.

காற்றை நம்பிய பயணம் இது. விடியற்காலையில் கரைக்காற்று. பிற்பகலில் வடமேற்கிலிருந்து கடல்காற்று. தெற்கே போகும்போது முதுகைத் தள்ளும் அதே காற்று, திரும்பும்போது முகத்தில் அடிக்கும். ஜூன் பிறந்தால் பாயைச் சுருட்ட வேண்டியதுதான்.

கரையில் காட்சிக்குப் பஞ்சமில்லை. அலிபாகில் கடல் வற்றும் நேரத்தில் கொலாபா கோட்டைக்கு நடந்தே போகலாம். முருடு அருகே, சிவாஜியாலும் பிடிக்க முடியாத ஜஞ்சிரா கோட்டை கடல் நடுவே நிற்கிறது. பர்மாவின் கடைசி மன்னர் திபா காவலில் இருந்து, 1916-ல் உயிர் விட்ட ஊர் ரத்தினகிரி. யுனெஸ்கோ 2025-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியர் கோட்டைகளில் 4 இந்தக் கடலோரத்தில்தான் உள்ளன. அந்த 12-ல் நம் செஞ்சிக் கோட்டையும் ஒன்று!

வசதி உள்ளவர்கள் பார்க்கட்டும். அதில் தவறில்லை. ஆனால் தாராவியிலும் கோலிவாடாவிலும் இருபது வருடம் உழைத்த தமிழர்களில் எத்தனை பேர் இதைப் பார்த்திருப்பார்கள்?

ஒரு காலத்தில் மும்பைக்கும் கோவாவுக்கும் பயணிகள் கப்பல் ஓடியது. கூலித் தொழிலாளியும் டெக் டிக்கெட் வாங்கிப் போனார். அது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. "1998-ல் கொங்கண் ரயில் வந்துவிட்டதே, கப்பல் எதற்கு?" என்று கேட்பார்கள். ரயில் கடலோரமாக ஓடவில்லையே! மால்வண் போகிறவர் குடாலில் இறங்கி, மூட்டை முடிச்சுடன் பஸ் பிடிக்க வேண்டும்.

சிறு துறைமுகங்கள் வேடிக்கை பார்க்க மட்டும் அல்ல. 2017 டிசம்பரில் ஒக்கி புயல் வீசியபோது, நடுக்கடலில் சிக்கிய தமிழக, கேரள மீனவர்கள் நூற்றுக்கணக்கில் கரை சேர்ந்தது இதே கொங்கணின் தேவ்கட் துறைமுகத்தில். அன்று அந்தத் துறை இல்லாவிட்டால் எத்தனை குடும்பங்கள் தெருவில் நின்றிருக்கும்?

ஆகவே உல்லாசப் படகுக்கென்று தனியாகப் படகுத்துறை கட்டி, வேலி போட்டுப் பூட்டுவது நியாயம் ஆகாது. ஒரே துறையில் பாய்மரப் படகும் நிற்கட்டும். மீன்பிடி படகும் ஒதுங்கட்டும். சாதாரண மக்கள் ஏறும் பயணிகள் படகும் வந்து போகட்டும். செலவு ஒன்று, பயன் மூன்று. படகில் உலா வருகிறவர்களும் மீனவர் வலை விரித்த இடத்தை விட்டு விலகிப் போக வேண்டும். அறுந்த வலையோடு அறுவது ஒரு வீட்டின் சோறு.

கோட்டை கட்டியவர்கள் போய்விட்டார்கள். கடல் இருக்கிறது. அது எல்லோருக்கும் பொது என்பதை மராட்டிய அரசு செயலில் காட்டுமா?