நேரத்தை மாற்றலாம், குறைக்கக் கூடாது!

புதிய ஆரம்பப் பள்ளி வருகிறதென்றால் கட்டிடத்தைப் பற்றியே பேச்சு. மணி எப்போது அடிப்பது என்று கேட்பாரில்லை. நிலக்கோட்டையில் மல்லிகை பறிக்கும் தாய் விடியுமுன் தோட்டத்தில் நிற்கிறாள். வேடசந்தூர் மில்லில் முதல் ஷிப்டு பார்ப்பவள் கதையும் அதுதான். 2022இல் வந்த காலை உணவுத் திட்டம் இவர்கள் கஷ்டத்தில் பாதியைத் தீர்த்தது.

ஆனால், உழைப்பாளி வீட்டுக்கேற்ற நேரம் என்ற பேச்சில் ஒரு கண்ணி உண்டு தோழர்களே! 1953இல் ராஜாஜி சர்க்கார் கிராமப் பள்ளிகளைத் தினம் மூன்று மணி நேரமாகச் சுருக்கி, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. கூலி மகன் கூலியாகவே இரு என்பதுதான் அதன் பொருள். ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள், 1954இல் காமராஜ் சர்க்கார் அதைக் கைவிட்டது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும். இதில் ஒரு மணி நேரமும் குறைய விடாதீர்கள். திருவிழா, அறுவடை பார்த்து உள்ளூர் விடுமுறையை முன்கூட்டியே கேளுங்கள்.

திண்டுக்கல் பூட்டு பேர்பெற்றதுதான். அதற்காக மாலை நாலு மணிக்கே பள்ளியில் தொங்கவிட வேண்டுமா? பெரியவர்கள் எழுத்துக் கற்கவும் பத்திரிகை படிக்கவும் அந்த அறை திறந்திருக்கட்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்பது சட்டம். பகலில் கூட்டம் போட்டால் கூலிக்காரர் எப்படி வருவார்? வேலை முடிந்தபின் கூட்டச் சொல்லுங்கள்.