பட்டத்தோடு நின்றுவிடும் உதவித்தொகை



மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம், மாணவியரின் உயர்கல்விக்கு உதவும் புதுமைப்பெண் திட்டமாக மாற்றப்பட்டு, 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர் கல்லூரிப் படிப்பை முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய் பெறுகின்றனர். கொடைக்கானல் மலைக்கிராமங்களான பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பூண்டு வயல் வேலைக்குச் செல்லும் பெற்றோரின் மகளுக்கு, வங்கிப் புத்தகத்தில் மாதந்தோறும் பதிவாகும் அந்த ஒற்றை வரியே பேருந்துக் கட்டணமாகவும் தேர்வுக் கட்டணமாகவும் அமைந்து, குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் பெறுபவர், அதாவது முதல் தலைமுறைப் பட்டதாரி, என்னும் பெருமையை அவருக்குத் தேடித் தருகிறது.

ஆயினும், இறுதித் தேர்வோடு உதவித்தொகை நின்றுவிடுவதால், மேற்படிப்பு, ஆசிரியர் பயிற்சி, அரசுப் பணித் தேர்வு எனப் பல கனவுகளோடு மலையிலிருந்து இறங்கும் அவர், விடுதிச் செலவையும் பயிற்சிக் கட்டணத்தையும் எண்ணித் தயங்கி, மீண்டும் வயலுக்கே திரும்ப நேர்கிறது. ஆகவே, பட்டம் பெற்றபின் ஓராண்டுக்கேனும் இவ்வுதவியை நீட்டிப்பதும், 1984-இல் நிறுவப்பட்டுக் கொடைக்கானலில் இயங்கிவரும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழக வளாகத்திலேயே, மலைக்கிராமப் பட்டதாரிகள் அனைவருக்கும் கட்டணமில்லாப் போட்டித் தேர்வுப் பயிற்சியைத் தொடர்ந்து அளிப்பதும் அரசின் உடனடிக் கடமைகளாகும். படிக்க வைத்த கரமே வழியும் காட்டினால்தான், பெற்ற பட்டம் வாழ்வாக மலரும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கொடைக்கானல்.