மெருகேற்றும் முன்

பெங்களூரில் 2024 மார்ச் மாதம் குடிநீர்த் தட்டுப்பாடு முற்றிய வேளையில், நகரின் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம், வாகனங்களைக் குடிநீரால் கழுவுவதற்குத் தடை விதித்தது. மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம். மீண்டும் மீறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூடுதல். அம்மாதத்திலேயே 22 குடும்பங்களிடமிருந்து 1.1 லட்சம் ரூபாய் வசூலானது. காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி, நாள்தோறும் 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கொணர வழி பிறந்த பின்னரும், 2025 பிப்ரவரியில் அதே தடை மீண்டும் வந்தது. அந்தத் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு நம் குழாய்க்கு வருகிறது. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கொட்டும் குழாயைக் கால் மணி நேரம் காரின் மேல் பிடித்தால் 150 லிட்டர் சாக்கடைக்குப் போய்விடும்.

இத்தடையைக் கார் வைத்திருப்போர் பலர் ஓர் இடையூறாகவே கருதினர். நாம் அவ்வாறு கருதவில்லை. புதிதாகக் கார் வாங்கி, அதன் பளபளப்பைத் தம் கையாலேயே காக்க விரும்பும் ஒருவர் முதலில் கற்க வேண்டிய பாடம் அதில் இருக்கிறது. காரின் மெருகைக் கெடுப்பது பெரும்பாலும் வெயிலோ மழையோ அன்று. நாம் அதைத் துடைக்கும் முறையே.

காலையில் நம் தெருக்களில் நடந்து பாருங்கள். மெட்ரோப் பணிகளும் கட்டுமானங்களும் எழுப்பிய மண்தூசி காரின் மேல் படிந்திருக்கும். அதை உலர்ந்த துணியால் ஒருவர் அழுத்தித் துடைத்துக்கொண்டிருப்பார். அல்லது ஒரே வாளித் தண்ணீரில், ஒரே பழந்துணியை நனைத்து நனைத்து ஐந்து கார்களைக் கழுவுவார். அத்தூசியில் இருப்பது மணல். அத்துணி உப்புத்தாள். வெள்ளைக் காரில் இது எளிதில் தெரியாது. கறுப்பு அல்லது கருநீலக் காரை வெயிலில் நிறுத்தினால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் நுண்ணிய கீறல்கள் மின்னும். அதைக் கண்டு மனம் வருந்தியே பலரும் மெருகேற்றும் பசையைத் தேடி ஜே.சி. சாலைக் கடைகளுக்குச் செல்கின்றனர்.

பசையைத் தொடுமுன் அது என்ன செய்கிறது என்று அறிதல் நலம். இன்றைய கார்களின் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற படலம் ஒன்று உண்டு. பூச்சு முழுவதும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் கனம். அதில் இந்த மேற்படலம் 40 அல்லது 50 மைக்ரான் இருக்கும். நம் தலைமுடி ஒன்றின் கனத்தைவிடக் குறைவு. மெருகேற்றுதல் என்பது கீறலை நிரப்புவதன்று. கீறலின் விளிம்பு மறையும் வரை சுற்றியுள்ள படலத்தைத் தேய்த்துக் குறைப்பது. பழைய அம்பாசிடர்களையும் பத்மினிகளையும் மெருகேற்றியபோது துணியில் காரின் நிறமே ஒட்டி வந்தது. தேய்ந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது, கை தானாக நின்றது. இன்று தேய்வது நிறமற்ற படலம் என்பதால் துணியில் எதுவும் தெரிவதில்லை. வங்கிக் கணக்கின் மொழியில் சொன்னால், இது வைப்புத் தொகையே இல்லாத கணக்கு: எடுக்கலாம், திரும்பப் போட முடியாது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுப்பதும் அப்படலமே. அது மெலிந்து போன கார் சில ஆண்டுகளில் கூரையிலும் பானெட்டிலும் வெளுத்து, தோல் உரிவதுபோல் உரியத் தொடங்கும். பிறகு மெருகு உதவாது; பூச்சுக்கடைதான்.

ஆகவே, தொடக்கநிலையில் இருப்பவர் இயந்திரத்தை வாங்கு முன் இரண்டு வாளிகள் வாங்க வேண்டும் என்பது நம் கருத்து. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் துணியை அலசும் வெறும் நீர். பாத்திரம் துலக்கும் சோப்பு எண்ணெய்ப் பிசுக்குடன் மெழுகுப் பூச்சையும் அகற்றிவிடும். நிழலில் நிறுத்தி, மேலிருந்து கீழாக, ஒரு பகுதி முடிந்ததும் துணியை அலசி அடுத்த பகுதிக்குச் செல்லுதல். சக்கரத்துக்குத் தனித் துணி. பின்னர் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தல். அலசத் தேவைப்படாத வகைக் கரைசலும் இப்போது கிடைக்கிறது. தூசி மட்டும் படிந்த காருக்கு அதில் பத்து லிட்டர் போதும். கீழே விழுந்த துணியை மட்டும், எவ்வளவு உதறினாலும், மீண்டும் காரின் மேல் வைக்காதீர்கள்.

எந்தத் தண்ணீர் என்பதும் கவனிக்கத்தக்கது. நம் நகரில் பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அது பூச்சின் மேல் காய்ந்தால் சுண்ணாம்பு வட்டங்கள் படியும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரைச் சேமித்துக் கார் கழுவுவோரின் நோக்கம் பாராட்டுக்குரியது; ஆயினும் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. முதல் அழுக்கை ஊறவைக்க அதைப் பயன்படுத்தலாம், காயவிடக் கூடாது. கடைசி நீருக்கு மழைநீருக்கு நிகர் ஏதுமில்லை. 2009 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி இந்நகரில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தத் தொட்டிகளில் கிடப்பது உப்பற்ற மென்னீர். அதில் ஒரு வாளி காருக்குப் போனால் யாரும் அபராதம் கேட்கப் போவதில்லை.

இத்தனைக்குப் பின்னும் கீறல்கள் கண்ணை உறுத்தினால் மெருகேற்றலாம். விரல் நகத்தை மெல்ல ஓட்டும்போது நகம் சிக்கும் கீறலை விட்டுவிடுங்கள். அது வீட்டு முயற்சிக்கு அப்பாற்பட்டது. தடவிப் பார்த்தால் சொரசொரப்பு இருந்தால், வழுக்கும் நீரைத் தெளித்துக் கிளே பாரால் மெல்லத் தேய்த்து அதனை நீக்கிய பின்னரே பசையை எடுக்க வேண்டும். பானெட்டின் ஓரத்தில் ஓரடிச் சதுரத்தை மட்டும், மிக நுண்ணிய பசையால் கையாலேயே தேய்த்துப் பார்த்து, விளைவு போதுமென்றால் அங்கேயே நிற்பது அறிவு. இயந்திரம்தான் வேண்டும் எனில், சுழன்றுகொண்டே அலையும் டூயல் ஆக்‌ஷன் வகையையே தேர்ந்தெடுங்கள். ஒரே இடத்தில் சுழலும் ரோட்டரி, பழகாத கையில் சூடேறிப் பூச்சை எரித்துவிடும். விளிம்புகளில் பூச்சு மெல்லியது, அங்கு ஒட்டுநாடா ஒட்டிக்கொள்ளவும். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது, அங்கு இன்னும் நிதானம். இறுதியில் மெழுகு அல்லது சீலண்ட். இம்முழு முயற்சியும் காரின் ஆயுளில் ஓரிரு முறை போதும். ஆறு மாதத்துக்கொரு முறை மெருகேற்றித் தருவதாகச் சொல்லும் பொதித் திட்டங்களில் நமக்கு நம்பிக்கை இல்லை.

கார் வாங்கும் நாளிலேயே விற்கப்படும் மேற்பூச்சுகளைப் பற்றியும் ஒரு சொல். 20,000 ரூபாய்ப் பூச்சு ஒன்றைக் கடன் தொகையோடு சேர்த்து, 9 விழுக்காட்டு வட்டியில் ஏழு ஆண்டுகளுக்குக் கட்டினால், மாதம் ஏறத்தாழ 322 ரூபாய். மொத்தம் 27,000 ரூபாய்க்கு மேல். அப்பூச்சு தேய்ந்து மறைந்த பின்னும் அதற்கான தவணை ஓடிக்கொண்டிருக்கக்கூடும். வேண்டுமெனில் கையிருப்புப் பணத்தில் பின்னர் செய்துகொள்ளலாம். அதற்குள் இரண்டு வாளிகளைக் கையாளப் பழகியிருப்பீர்கள்.

ஆயுத பூசை வரும்போது கார்களுக்குச் சந்தனமும் குங்குமமும் மஞ்சளும் இடுவோம். அவை இருக்கட்டும். காய்ந்த பின் நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணியைப் பத்து நிமிடம் அவற்றின் மேல் போர்த்தி வைத்தால் தாமாகவே இளகி வரும். மாலையைக் கட்டும்போது கம்பிக்குப் பதில் நூலைக் கேட்டு வாங்குங்கள். வண்டி ஓடுகையில் பானெட்டின் மேல் ஆடுவது அந்த முனைதான்.