எச்சரிக்கை மலை ஏறவில்லை

தலைநகரிலே தீர்மானம் நிறைவேறுகிறது, அச்சேறுகிறது, கோப்பிலே இடமும் பெறுகிறது. கிளைக்கு மட்டும் வந்து சேரவில்லை. கிளைத் தோழர் ஏதும் அறியாதவராய்ப் பழைய முறைப்படியே பணியாற்றிக்கொண்டிருக்கிறார். பின்னர் விசாரணை வருகிறது. குற்றம் யார் தலையில் விழுகிறது? கிளைத் தோழர் தலையில்! பொதுவாழ்வில் ஊறியவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. காகிதத்தோடு நடக்கிற இந்தக் கதை நெருப்போடு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்க நாட்டுக் கொலராடோ மாநிலத்திலே ஒரு மலை சான்றாக நிற்கிறது. ஸ்டார்ம் கிங் என்பது அதன் பெயர். புயல் மன்னன்! பெயர் வைத்தவர் எவரோ, பின்னால் வரப்போவதை அறிந்தே வைத்ததுபோல் இருக்கிறது.

1994ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு அருகே அந்த மலையிலே மின்னல் விழுந்து தீப் பிடித்தது. சிறு தீதான். அந்த வட்டாரமெங்கும் அதுபோல் பல தீக்கள் எரிந்துகொண்டிருந்தன. ஆகவே இதை அணைக்க ஆட்கள் மலைமீது வந்து சேர ஜூலை 5 ஆயிற்று. மறுநாள் மலைமீது இருந்தவர்கள் 49 பேர்.

தீயணைப்பு என்றதும் தண்ணீர்க் குழாயும் மணி ஒலிக்கும் வண்டியும் நம் நினைவுக்கு வரும். காட்டுத்தீயிலே அவை எல்லாம் ஏறாத இடங்களே மிகுதி. கோடரியும் மண்வாரியும் இயந்திர ரம்பமுமே அங்கு ஆயுதங்கள். தீ வரும் திசையிலே புதரை வெட்டி, சருகை நீக்கி, வெறும் மண் தெரியும்படி நீண்டதொரு கோடு இழுப்பார்கள். எரிவதற்கு ஏதுமற்ற அந்தக் கோட்டருகே வந்து தீ அடங்கும். காற்று மாறாத வரையில்தான்! மாறினால், வெட்டியவர்களே அதற்கு விறகு.

காற்று மாறப்போகிறது என்பது எவருக்கும் தெரியாத தேவரகசியமா? இல்லை. கிராண்ட் ஜங்ஷன் நகரத்து வானிலை நிலையத்தார் அதை முன்கூட்டியே கண்டனர். மழை தராத வறண்ட குளிர்காற்றுத் திரள் ஒன்று வருகிறது, பலத்த காற்று வீசும் என்று கணித்தனர். ஜூலை 6ஆம் நாளுக்குச் 'செங்கொடி எச்சரிக்கை' விடுத்தனர். (நம் நாட்டிலே செங்கொடி என்றால் நினைவுக்கு வருவது வேறு. அங்கோ, வறட்சியும் காற்றும் கைகோத்துக் காட்டுத்தீக்குத் துணை நிற்கும் நாளுக்கு இடப்பட்ட பெயர் அது.) கணிப்புப் பிழைக்கவில்லை. பிற்பகல் 3.20 மணியளவில் காற்று வந்தது. 4 மணியளவில், மலைச்சரிவிலே கோடு வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கீழே, பள்ளத்தைத் தாண்டிய தீ ஓக் புதர்களைப் பற்றிக்கொண்டு மேலே பாய்ந்தது. மேட்டிலே மனிதன் ஏற ஏறக் களைக்கிறான். தீயோ ஏற ஏற வேகம் கொள்கிறது. 14 பேர் மாண்டனர். அவர்களில் 9 பேர் ஆரிகன் மாநிலத்துப் பிரைன்வில் என்ற ஊரின் ஒரே படையைச் சேர்ந்தவர்கள். மூவர் பாரசூட்டிலே குதித்துத் தீயணைக்கும் பயிற்சி பெற்றவர்கள். இருவர் ஹெலிகாப்டர் படையினர். எஞ்சிய 35 பேர் தப்பினர்.

செங்கொடி எச்சரிக்கை அந்த மலைமீது இருந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதை அரசின் விசாரணை அறிக்கையே ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொண்ட அதே அறிக்கை வேறொன்றும் கூறியது. தீயணைப்போருக்கு அங்கே 1957இல் வகுத்த பத்துக் கட்டளைகள் உண்டு. அவற்றில் எட்டு அங்கே காக்கப்படவில்லையாம்! 'எதையும் முடித்துவிடுவோம்' என்ற மனப்போக்கும் ஒரு காரணமாம்! அந்தப் பத்துக் கட்டளைகளை வகுத்தபோது முதலாவதாக நின்றது எது தெரியுமா? வானிலை நிலவரத்தையும் முன்னறிவிப்பையும் அறிந்து வைத்துக்கொள் என்பதுதான். எவருக்கு இடப்பட்ட கட்டளை? மண்வாரி பிடித்தவனுக்கு! அறிந்துகொள்வது அவன் கடமை என்று எழுதினார்கள். அறிவிப்பது எவர் கடமை என்பதை அதே அழுத்தத்தோடு எழுதினார்களா? அவன் கையிலே இருப்பது கோடரி. தந்திக் கருவி அலுவலகத்திலே இருக்கிறது. பின்னர் 1995இல், தொழிலாளர் பாதுகாப்பைக் கண்காணிக்கும் இலாகா, இறந்தவர்களை விட்டுவிட்டு அவர்களை அனுப்பிய இலாகாக்களின்மீதே குற்றம் சாட்டியது. வேலைக்கு அனுப்பியவரைக் கேள்வி கேட்பதுதான் தொழிலாளர் சட்டத்தின் உயிர்நாடி. இறந்தவனைக் குறை கூறுவது எளிது. அவன் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை.

எச்சரிக்கை ஏன் மலை ஏறவில்லை? ஒரு தனி ஆளின் மறதி என்று சொல்லித் தப்பிக்கலாம். அமைப்பைப் பாருங்கள். ஸ்டார்ம் கிங் தீக்குப் பொறுப்பு நில மேலாண்மை இலாகா. அது உள்துறை அமைச்சைச் சேர்ந்தது. அங்கு வந்து உழைத்தவர்களில் பலர் காட்டிலாகாவினர்; அது விவசாய அமைச்சு. எச்சரித்த வானிலை இலாகா, வணிக அமைச்சு! தீ ஒன்று, அமைச்சுகள் மூன்று. அமெரிக்காவின் உள்துறை அமைச்சு என்பது நம்முடையதைப்போல் போலீசை ஆள்வதன்று, பொதுநிலங்களை ஆள்வது என்பதையும் நினைவிற் கொள்க. வியப்பு என்னவெனில், 1940 வரை வானிலை இலாகாவும் காட்டிலாகாவும் ஒரே விவசாய அமைச்சின்கீழ்தான் இருந்தன. அந்த ஆண்டிலே வானிலை வணிக அமைச்சுக்கு மாற்றப்பட்டது.

பிரித்தவர்களே சேர்க்கவும் முயன்றார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1965இல் ஐடஹோ மாநிலத்துப் பாய்ஸி நகரிலே, காட்டிலாகா, நில மேலாண்மை, வானிலை மூன்றும் ஒரே வளாகத்திலே அமர்ந்து பணியாற்ற ஒரு நடுவம் கண்டார்கள். நல்ல ஏற்பாடு. இன்றும் நாடு முழுவதுக்கும் ஆளும் விமானமும் அங்கிருந்தே பங்கிடப்படுகின்றன. பெருந்தீ மூண்ட இடத்துக்கே வானிலை வல்லுநர் சென்று, தீப்படைத் தலைவர் பக்கத்திலே கூடாரமடித்துக் கணித்துக் கூறும் வழக்கமும் உண்டு. ஆனால், எது பெருந்தீ? ஜூலை 5ஆம் நாள் ஸ்டார்ம் கிங் தீ பெருந்தீ அன்று. வல்லுநர் வந்து அமரும் தகுதியை அது அடைந்தபோது 14 பேர் உயிரோடு இல்லை. ஆகவே ஒருங்கிணைப்பு என்பது உச்சியிலே அமைச்சர்கள் கைகுலுக்குவதால் முடிந்துவிடுவதன்று. கடைசிக் கம்பியிலேதான் அது நிற்கிறது, அல்லது அறுகிறது.

'செய்தி சேர்ந்தால் மட்டும் சாவு நின்றுவிடுமா?' என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. 2013 ஜூன் 30 அன்று, அரிசோனா மாநிலத்து யார்னெல் மலையிலே 19 தீயணைப்போர் மாண்டனர். இடிமேகத்திலிருந்து கிளம்பும் காற்றைப் பற்றிய எச்சரிக்கை அன்று பிற்பகல் வானொலி மூலம் கூறப்பட்டது. எரிந்து முடிந்த, ஆகவே ஆபத்தற்ற இடத்திலே நின்றிருந்த அவர்கள், எரியாத புதர்ப் பள்ளத்துக்குள் இறங்கினர். ஏன் இறங்கினர் என்று சொல்ல அவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. அறிந்தபின் மனிதன் தவறக்கூடும். அது வேறு வழக்கு. அறியவிடாமல் செய்தது அவன் வழக்கிலே சேராது, ஆள்வோர் வழக்கிலே சேரும்.

தீயணைப்போர் நிலை இதுவெனில், குடிமக்கள் நிலை என்ன? ஹவாய்த் தீவுகளில் லஹைனா நகரம் 2023 ஆகஸ்டு 8 அன்று சாம்பலாயிற்று. 102 உயிர்கள் போயின. தெற்கே வெகுதொலைவில் சென்ற டோரா புயலின்போது பெருங்காற்று வீசும் என்று வானிலை நிலையம் முன்னாளிலேயே செங்கொடி காட்டியிருந்தது. ஊரிலே அபாயச் சங்குகள் இருந்தன. அவை ஊதப்படவில்லை.

2025 ஜூனிலே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஓர் ஆணை பிறப்பித்தார்: உள்துறை, விவசாயம் ஆகிய இரு அமைச்சுகளின் காட்டுத்தீப் பணிகளையும் இயன்ற அளவு ஒன்றாக்க வேண்டும் என்று. வரவேற்கத்தக்கதுதான், இருவர் செய்வதை ஒருவர் பொறுப்பேற்றுச் செய்யட்டும். ஆனால் அதே அரசு, அதே ஆண்டிலே, வணிக அமைச்சின்கீழ் உள்ள வானிலை இலாகாவிலிருந்து நூற்றுக்கணக்கானோரைக் குறைத்தது. சில நிலையங்கள் இரவுப் பணியைச் சுருக்கின. வளிமண்டலத்தை அளக்கும் பலூன்கள் சில இடங்களில் குறைந்தன. கூக்குரல் எழுந்த பின்னர் மீண்டும் ஆள் எடுக்க அனுமதித்தார்கள். கைகளை இணைத்துவிட்டுக் கண்ணிலே மண்ணைப் போடுவது எந்த நாட்டு நிர்வாகம்?

அமைச்சுகள் மூன்றாக இருந்தாலென்ன, முப்பதாக இருந்தாலென்ன? வானிலை நிலையம் செங்கொடி விடுத்த நேரம், அது தீப்படையைச் சேர்ந்த நேரம், 'பெற்றுக்கொண்டோம்' என்று மலையிலிருந்து பதில் வந்த நேரம், இம்மூன்றும் ஒரே ஏட்டிலே பதியப்பட வேண்டும். மூன்றாவது நேரத்துக்கு ஒப்பமிடும் அதிகாரி இன்னார் என்று தீ மூளுமுன்னரே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும் நாளில் எவரையும் சரிவிலே கோடு வெட்ட அனுப்பலாகாது.