மெட்ராஸில் தத்துவம் படித்த ‘டென்மார்க்’ இளவரசி: யார் இந்த ஐரீன்? கும்மிடிப்பூண்டி முகாமுக்கும் இவர் கதைக்கும் என்ன சம்பந்தம்?

கிரேக்க நாட்டின் முன்னாள் அரச குடும்பத்தைச் சேர்ந்த 10 பேருக்கு, 30 ஆண்டுகள் கழித்து அந்த நாட்டுக் குடியுரிமை திரும்பக் கிடைத்திருக்கிறது. 2024 டிசம்பரில் நடந்த இந்த விஷயம் நம்ம ஊர் செய்திகளில் பெரிதாக வரவில்லை. வந்த ஒன்றிரண்டு இடங்களிலும் ‘கிரேக்கம் மற்றும் டென்மார்க் இளவரசர், இளவரசி’ என்று போட்டிருந்ததால் குழப்பம்தான் மிச்சம். கிரேக்கத்துக்கு எப்படி டென்மார்க் இளவரசி?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், கதை சுற்றிச் சுற்றி மெட்ராஸுக்கு வந்து நிற்கிறது. குடியுரிமை பெற்றவர்களின் அத்தை ஒருவர், 1970-களில் சில வருஷம் தன் அம்மாவோடு சென்னையில் தங்கி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் அத்வைத வேதாந்தம் படித்தவர். அவர்தான் ஐரீன்.

கிரேக்கத்தில் டென்மார்க் எங்கிருந்து வந்தது?

முதலில் ஒரு சின்ன விளக்கம். திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு டென்மார்க் என்றதும் பழவேற்காடு கோட்டை ஞாபகம் வரலாம். அது டச்சுக்காரர்கள், அதாவது ஹாலந்து. டென்மார்க்காரர்கள் ‘டேனிஷ்’. அவர்கள் 1620-ல் இறங்கியது தரங்கம்பாடியில். 1845-ல் அதை ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த டென்மார்க்கின் 17 வயது இளவரசர் வில்ஹெல்ம் என்பவரைத்தான் 1863-ல் கிரேக்கர்கள் தங்கள் ராஜாவாகத் தேர்ந்தெடுத்தார்கள். முந்தைய ராஜாவை விரட்டியாச்சு, புது ராஜா வேணும், ஐரோப்பாவின் பெரிய சக்திகள் எல்லாம் ஒத்துக்கொள்ளும் ஆளாக இருக்கணும். வில்ஹெல்ம் ‘முதலாம் ஜார்ஜ்’ ஆனார். அவர் வழியில் வந்தவர்கள் எல்லாரும் டென்மார்க் பட்டத்தையும் விடாமல் சேர்த்துக்கொண்டார்கள். பிரிட்டன் ராணி எலிசபெத்தின் கணவர் பிலிப் கூடப் பிறந்தபோது ‘கிரேக்கம் மற்றும் டென்மார்க் இளவரசர்’தான்.

இதில் ஒரு வேடிக்கை, இந்தப் பட்டத்தால் டென்மார்க்கில் சல்லிக்காசு உரிமை கிடையாது. 1953-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி, பத்தாம் கிறிஸ்டியன் வழி வந்தவர்களுக்கு மட்டும்தான் அங்கே அரியணை. டென்மார்க்கிலேயே இப்போது பட்டத்துக்கு மவுசு குறைகிறது. 2022-ல் ராணி மார்கரெத்தே தன் இளைய மகனின் நான்கு பிள்ளைகளிடமிருந்து இளவரசர், இளவரசி பட்டங்களை எடுத்தே விட்டார்.

அகதியாகப் பிறந்த இளவரசி

ஐரீன் பிறந்தது ஏதென்ஸ் அரண்மனையில் இல்லை. 1942 மே 11 அன்று, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில். 1941-ல் ஹிட்லரின் படை கிரேக்கத்துக்குள் நுழைந்ததும் அரச குடும்பம் கிரீட் தீவு, எகிப்து என்று ஓடி, கடைசியில் தென்னாப்பிரிக்கா போய்ச் சேர்ந்தது. அங்கே பிரதமராக இருந்த ஜான் ஸ்மட்ஸ்தான் ஐரீனுக்கு ஞானத்தந்தை. கிரேக்கத்தில் அந்தப் பெயரை ‘இரினி’ என்பார்கள், ‘அமைதி’ என்று அர்த்தம். உலகப்போர் நடக்கும்போது, ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தப் பெயர்.

அப்பா பால், அம்மா பிரெடெரிகா. அக்கா சோபியா, பின்னாளில் ஸ்பெயினின் ராணி, இப்போதைய ராஜா ஆறாம் பெலிப்பேயின் தாய். அண்ணன் கான்ஸ்டன்டைன். 1946-ல் நாடு திரும்பினார்கள், 1947-ல் பால் ராஜாவானார். ஐரீன் பியானோவில் தேர்ந்தவர். புகழ்பெற்ற கிரேக்கப் பியானோ கலைஞர் ஜினா பகாவரிடம் கற்றவர்.

1964-ல் அப்பா இறந்ததும் 23 வயது கான்ஸ்டன்டைன் ராஜா. அதே வருஷம் அவர் கல்யாணம் செய்துகொண்டது ஆன்-மேரியை. இவர் நிஜமான டென்மார்க் இளவரசி, ராணி மார்கரெத்தேயின் தங்கை. அடுத்த வருஷம் அவர்களுக்குக் குழந்தை பிறக்கும்வரை, அரியணைக்கு அடுத்த வாரிசு ஐரீன்தான்.

அந்த அரியணை அதிக நாள் இருக்கவில்லை. 1967 ஏப்ரலில் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். டிசம்பரில் கான்ஸ்டன்டைன் பதிலுக்கு ஒரு புரட்சிக்கு முயன்று தோற்றார். குடும்பத்தோடு ரோமுக்குப் பறந்தார். ஐரீனுக்கு இது இரண்டாவது நாடுகடப்பு, வயது 25. ராணுவ ஆட்சி போனபிறகு 1974 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 69 சதவீதம் பேர் ‘ராஜா வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார்கள்.

காளஹஸ்தியில் ஒரு சந்திப்பு, மெட்ராஸில் ஒரு வகுப்பறை

பிரெடெரிகாவைப் பற்றித் தனியாக எழுதலாம். ஜெர்மனியில் பிறந்தவர், கிரேக்க அரசியலில் மூக்கை நுழைக்கிறார் என்று கடுமையாக விமர்சிக்கப்பட்டவர். அதே ஆளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அணு இயற்பியல் மேல் தீராத ஆர்வம். பருப்பொருளின் அடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வியில் தொடங்கி, ஆதிசங்கரரிடம் வந்து சேர்ந்தார்.

1966-ல், இன்னும் ராணுவப் புரட்சி நடக்காத நேரத்தில், காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதியைக் காளஹஸ்தியில் வந்து பார்த்தார். ஊத்துக்கோட்டை தாண்டி, நாகலாபுரம் வழியா போனா காளஹஸ்தி. இந்தப் பக்கத்து ஆட்கள் காலையில் கிளம்பி, பூஜை முடித்துவிட்டு மதியம் வீடு திரும்பும் தூரம்தான்.

பதவியும் நாடும் போனபிறகு அம்மாவும் மகளும் மெட்ராஸுக்கே வந்துவிட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தத்துவ மையத்தில் டி.எம்.பி.மகாதேவன் தான் குரு. அத்வைதத்தில் அவர் அன்றைய பெரிய பெயர். அந்த மையம் இன்று ராதாகிருஷ்ணன் பெயரில் இயங்குகிறது, நம்ம திருத்தணியில் 1888-ல் பிறந்த அதே சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

1981 பிப்ரவரியில் பிரெடெரிகா ஸ்பெயினின் மாட்ரிட்டில் இறந்தார். உடலை ஏதென்ஸ் அருகே டாடோய் தோட்டத்தில், கணவர் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும். பிள்ளைகள் வந்து அடக்கம் செய்துவிட்டுச் சில மணி நேரத்தில் கிளம்பிவிடணும் என்ற நிபந்தனையோடுதான் கிரேக்க அரசு அனுமதித்தது. பிறந்த வீட்டு மண்ணில் அம்மாவைப் புதைக்கக் கெடு வைத்த நேரம்! அரசியல் காரணம் அரசுக்கு இருந்திருக்கும், படிக்கும்போது நமக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

ஐரீன் அதன்பிறகு அக்கா சோபியாவோடு மாட்ரிட்டின் சார்சுவேலா அரண்மனையில் தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா பிள்ளைகள் வைத்த செல்லப்பெயர் ‘பெக்கு’ சித்தி, விசித்திரமானவர் என்ற அர்த்தத்தில். 1986-ல் ‘இணக்கத்தில் ஓர் உலகம்’ என்ற பொருள்படும் ஸ்பானிஷ் பெயரில் ஒரு தொண்டு அமைப்பு தொடங்கினார். ஐரோப்பாவில் பால் தேவைக்கு மேல் பெருகி, பசுக்களைக் கசாப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அதில் 70 பசுக்களைக் காப்பாற்றி இந்தியாவுக்கு அனுப்பினார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் மிகப் பிரபலமான கதை. மெட்ராஸ் வாழ்க்கையின் எச்சம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெயரில்தான் பிரச்சினை

சரி, குடியுரிமை விவகாரத்துக்கு வருவோம். 1994-ல் கிரேக்க அரசு ஒரு சட்டம் போட்டது. அரச குடும்பத்தின் சொத்துகள் பறிமுதல், குடியுரிமையும் ரத்து. திரும்ப வேணும்னா குடியரசை ஏற்றுக்கொண்டு, ஒரு குடும்பப் பெயரோடு பதிவு செய்யணும். ‘எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாதே’ என்றார் கான்ஸ்டன்டைன். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘சர்நேம்’ கட்டத்தைப் பார்த்து முழித்த எந்தத் தமிழனுக்கும் இந்த இடம் புரியும். அப்பா பெயரைப் போடுவதா, இனிஷியலை விரிப்பதா என்று நாம் அல்லாடுவது வேறு காரணத்துக்காக. அவர் மறுத்தது ராஜவம்சம் என்ற பிடிவாதத்தில். அவர் டென்மார்க் பாஸ்போர்ட்டில் பயணம் செய்தார். அரியணை உரிமை தராத அந்தப் பட்டம், பாஸ்போர்ட்டுக்கு உதவியது.

சொத்து வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2002-ல் கான்ஸ்டன்டைனுக்கு 1.2 கோடி யூரோ, ஐரீனுக்கு 9 லட்சம் யூரோ, அவர்களின் அத்தைக்கு 3 லட்சம் யூரோ என்று இழப்பீடு தீர்ப்பானது. கேட்டதோடு ஒப்பிட்டால் இது ரொம்பக் குறைவு. 2023 ஜனவரியில் கான்ஸ்டன்டைன் இறந்தார். அவருடைய 5 பிள்ளைகளும் 5 பேரப்பிள்ளைகளும்தான் இப்போது குடியரசை ஏற்பதாக எழுதிக்கொடுத்து, ‘டெ கிரெஸ்’ என்ற குடும்பப் பெயரை எடுத்திருக்கிறார்கள். பிரெஞ்சில் அதற்கு ‘கிரேக்கத்தின்’ என்று பொருள். ‘இது பெயரா, மறைமுகப் பட்டமா?’ என்று அங்குள்ள இடதுசாரிக் கட்சிகள் கேட்கின்றன. நியாயமான கேள்விதான். ஆனால் கையெழுத்துப் போட்டாச்சு, குடியுரிமை கிடைச்சாச்சு.

ஐரீனுக்கு அந்தக் கவலை முன்னாடியே தீர்ந்துவிட்டது. 2018-ல் ஸ்பெயின் அரசு சிறப்பு ஆணை மூலம் அவருக்குத் தன் குடியுரிமையை வழங்கியது.

கும்மிடிப்பூண்டியில் பிறந்தவர்களுக்கு?

இங்கேதான் கதை நம்ம வீட்டு வாசலுக்கு வருகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிற எல்லாருக்கும் அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாம் தெரியும். 2021-ல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. முகாம்களை மேம்படுத்த 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்களும் அறிவித்தது. குடியுரிமை கொடுப்பது மாநில அரசின் கையில் இல்லை, அது ஒன்றிய அரசின் அதிகாரம்.

ஐரீனைப் போலவே போரால் துரத்தப்பட்ட பெற்றோருக்கு, வந்த இடத்தில் பிறந்தவர்கள் அந்த முகாமில் இருக்கிறார்கள். நம்ம பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். ஆனால் இந்தியக் குடியுரிமைச் சட்டம் தேதி பார்க்கும்:

1987 ஜூலை 1-க்கு முன்பு இந்தியாவில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியர். அதன்பிறகு 2004 டிசம்பருக்குள் பிறந்திருந்தால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கணும். அதற்கும் பிறகு என்றால், ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக்கூடாது. உரிய ஆவணம் இல்லாமல் படகில் வந்தவர்களைச் சட்டம் அந்தப் பெயரில்தான் அழைக்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும், இலங்கை அதில் இல்லை. அகதிகள் தொடர்பான 1951 ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை.

இந்தத் தேதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவர் ஜெயித்த கதை உண்டு. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். 1990-ல் போர் மறுபடி வெடித்த பிறகு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு திறக்காது. கோடு அவர்கள் பிறப்பதற்கு முன்பே போடப்பட்டுவிட்டது.

ஐரீன் குடும்பத்தோடு இவர்களை ஒப்பிடலாமா என்று கேட்டால், முழுசா முடியாது. அங்கே குடியுரிமை பறிபோனபோது சேர்த்துக்கொள்ள டென்மார்க், ஸ்பெயின் என்று சொந்தக்காரர்களின் நாடுகள் இருந்தன. இங்கே இன்னொரு வழி இலங்கைக் குடியுரிமை. அதுவும் தானாக வராது. வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை இலங்கைத் தூதரகத்தில் ஒரு வருஷத்துக்குள் பதியணும், தவறினால் அந்நாட்டு அமைச்சரின் அனுமதி வேணும். இதைச் செய்யாமல் விட்ட குடும்பத்தில் பிறந்தவர், காகிதத்தில் எந்த நாட்டுக்காரரும் இல்லை.

முகாமில் பிறந்தவர்கள் செய்யக்கூடியது இதுதான்: பிறந்த தேதியும் இடமும் உள்ள பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொள்வது, 1987 ஜூலைக்கு முன்பு பிறந்தவர் என்றால் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பது. மறுத்தால் மதுரைக் கிளையின் 2022 உத்தரவைக் காட்டலாம். பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்றால், பெற்றோரின் திருமணப் பதிவும் அந்த ஒருவரின் ஆவணங்களும் சேர்த்துத் தேவைப்படும்.